ஒத்தவெடி

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூற்பாலையில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் போதும், அதன்பிறகு அவருடைய சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும்தான் காதில் விழும். எதைக் கேட்டாலும் ‘பொறவு பாப்போம்’ என்ற மேஸ்திரிக்குப் ‘பொறவு’ என்று பெயர். தாலி கட்டும்போது அழுத பையனுக்கு ‘மழை’. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான் படித்ததெல்லாம் இந்த ஜனங்களின் வாயைத்தான். அந்த வாய்க்கு ருசி உண்டு. பல்லும் உண்டு.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் மில் கேட்டில் ஒரு துப்பாக்கிக்காரர் இருந்தார். மம்சாபுரத்துக்காரர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அப்படி வந்தவர்கள் லைசென்ஸ் எடுத்து, சொந்தத் துப்பாக்கி வாங்கி, பேங்குக்கும் மில்லுக்கும் காவலுக்குப் போவது எங்கள் பக்கம் சாதாரணம். பெரும்பாலும் ரெட்டைக்குழல்தான் வைத்திருப்பார்கள். நடுவில் மடித்து ரெண்டு தோட்டாவைச் சொருகிச் சுடுவது. இவர் மட்டும் மதுரையில் ஓர் ஆயுதக்கடையில் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். குழல் ஒன்றுதான். அதற்கு அடியில் ஒரு குழாய், அதில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும். ஒன்று வெடித்த உதையிலேயே காலிக் கூட்டைத் தானே வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே இழுத்துக்கொள்ளும். விசையை அழுத்துவது மட்டும்தான் நம் வேலை.

வந்த புதிதில் அவர் பேசிய பேச்சு கொஞ்சமில்லை. டீக்கடையில் எங்களை நிறுத்திவைத்துச் சொல்வார்: “ஏலே, நீ கண்ணச் சிமிட்டுததுக்குள்ள இது மூணு தடவ பேசிரும். ரெட்டைக்குழல் வச்சிருக்கவன் மடிச்சுப் பிரிச்சு மாட்டுததுக்குள்ள திருடன் சீவில்லிபுத்தூரே தாண்டியிருப்பான்.” அந்தப் பேச்சுக்கும் மீசைக்குமாகச் சேர்த்தே அவருக்கு மில் ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். பொதுக் குழாயடி பக்கத்திலேயே உள்ள வீடு. அவர் மனைவிக்கு மூட்டுவலி, கிணற்றில் இறைக்க முடியாது. அந்த வீட்டுக்காகத்தான் இந்த வேலை என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

ஒருநாள் மத்தியானம் மில் வளாகத்துக்குள் வெறிநாய் ஒன்று புகுந்துவிட்டது. வாயில் நுரை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஞ்சு குடோன் பக்கம் வருகிறது. ஷிப்டு மாறுகிற நேரம், அத்தனை பேரும் வெளியே நிற்கிறார்கள். இவர் நிதானமாக வந்து, காலை அகட்டி நின்று சுட்டார். நாயின் பின்னங்கால்கள் போயின. இரண்டாவது வெடிக்கு விசையை அழுத்துகிறார், அழுத்துகிறார், ஒன்றும் இல்லை. காலிக்கூடு வெளியே வராமல் துப்பாக்கியின் பக்கவாட்டு வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது. நாய் முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி ஊளையிட்டது. அவர் விரலால் கூட்டைப் பிடுங்கப் பார்த்தார், நகம் கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் பையன்கள் பஞ்சுப் பொதியை நெம்புகிற கம்பியால் அதை அடித்துக் கொன்றார்கள். நீண்ட நேரம் எடுத்தது. அடிக்கு நடுவே சிரிப்பும் இருந்தது. சிரித்தது நாயைப் பார்த்தல்ல.

“ஒத்தவெடி!” என்று முதலில் கத்தியது யார் என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் மில் முழுக்க அதுதான் பெயர்.

பெயரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவருக்கு ஒரே மகள், கட்டிக்கொடுத்துத் தேவதானத்தில் இருந்தாள். லைன் வீட்டுத் தண்ணீர்க் குழாயடியில், நூல் சுற்றுகிற வைண்டிங் செக்சன் பெண்கள், அவர் மனைவி குடத்தோடு வருவதைப் பார்த்துவிட்டே பேசுவார்கள்.

“ஏட்டி, அவியளுக்கு எல்லாமே ஒத்தவெடிதான் போலருக்கு. வீட்டுலயும் ஒண்ணோட நின்னு போச்சே!”

“அதுக்குப் பொறவு மாட்டிக்கிடுச்சாக்கும்.”

“வெரல விட்டுப் புடுங்கச் சொல்லுட்டி.”

அந்த அம்மா குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு போய்விடும். நானும் அந்தப் பேச்சைக் கேட்டு உள்ளுக்குள் ரசித்தவன்தான். என்ன வாய் இந்தப் பெண்களுக்கு என்று நினைத்தேன்.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஆயுத பூசைக்கு மொதலாளி குடும்பம் பூரா வருது. சூடம் காட்டும்போது மூணு வெடி போடணும்னு மொதலாளி மகன் சின்னவரு ஆசைப்படுதாரு. தொடர்ந்து மூணு. அன்னைக்கும் இது நின்னுச்சுன்னா காக்கிச் சட்டையக் கழட்டி வச்சுட்டு வீட்டுச் சாவியக் குடுத்துருங்க.”

அன்று சாயங்காலம் அவர் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார். நான் மில்லில் பிட்டர். துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அசைகிற இரும்பு ஏன் நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

“தம்பி, இந்தச் சனியன் ஏன் இப்படிப் பண்ணுதுன்னு பாத்துச் சொல்லு. ஒனக்குப் புண்ணியமாப் போவும்.”

முதலில் தோட்டாவைச் சந்தேகப்பட்டோம். லைசென்சுக்கு வருசத்துக்கு இத்தனை என்று அளந்து கொடுக்கிற சரக்கு என்பதால், யாரும் சுடாமல் சேர்த்துச் சேர்த்துப் பழசாக்கி வைத்திருப்பார்கள். மழையில் ஊறிப்போன அட்டைத் தோட்டா. அவர் அதை அப்பளம் மாதிரி மொட்டைமாடியில் காயப்போட்டார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “என்னண்ணே, எண்ணெயில போட்டு வறுக்கப் போறியளா?” என்றாள். காய்ந்த தோட்டாவை ஏற்றிச் சோழபுரம் கண்மாய்க்கரையில் சுட்டுப் பார்த்தார். ஒன்று வெடித்தது. பிறகு பழைய கதைதான்.

பிறகு கழற்றினோம். முன்னாலிருக்கிற மூடியைத் திருகினால் குழல் தனியாக வந்துவிடும். அடிக்குழாயைச் சுற்றி ஒரு பெரிய ஸ்பிரிங், அதன் முனையில் ஒரு வளையம். சுடும்போது குழலே பின்னால் போய்த் திரும்பி வருகிறது. அந்த வளையம் குழாயை உரசிப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறது. வேகம் கூடிய தோட்டாவுக்கு வளையத்தை ஒரு இடத்தில் மாட்ட வேண்டும், நோஞ்சான் தோட்டாவுக்கு வேறு இடத்தில். நம்ம ஊர்ப் பழைய தோட்டாவுக்கு வளையம் பலமாகப் பிடித்தால் குழல் முழுதாகப் பின்னால் போகாது, காலிக்கூடு பாதியில் நிற்கும். வளையத்தை மாற்றிப் போட்டோம். இரண்டு வெடித்தது. மூன்றாவது நின்றது.

“ரெட்டைவெடி ஆயிட்டோம்ல!” என்றார். அவர் வாயிலிருந்தே அந்தப் பெயர் வந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி கழற்றி, இந்தத் தடவை பின்பகுதிக்குள் ஒரு கம்பியை விட்டுத் துழாவினேன். கறுப்பாக, பிசுபிசுவென்று, எலிக்கூட்டிலிருந்து எடுத்த மாதிரி ஒரு திரள் வந்தது. விரலில் வைத்து உருட்டியதுமே தெரிந்துவிட்டது. நூல் நூற்கிற ரிங் பிரேமுக்கு அடியில் நான் தினமும் சுரண்டுகிற அதே அழுக்கு. எண்ணெயும் பறக்கிற பஞ்சும் சேர்ந்து இறுகினது.

“அண்ணே, இதுக்கு என்ன எண்ணெய் போடுதிய?”

“மில்லுல ஸ்பிண்டிலுக்கு ஊத்துதது. நல்ல எண்ணெய்லா! காலையில ஒருதடவ, சாயந்தரம் ஒருதடவ. பட்டாளத்துல சொல்லிக்குடுத்திருக்கான், ஆயுதம் காயக்கூடாதுன்னு.”

“எங்க மாட்டி வைப்பிய?”

“கார்டிங் ரூம் வாசல்ல. வேற எங்க வைக்க?”

பஞ்சைச் சிக்கெடுக்கிற ரூம் அது, மில்லிலேயே பஞ்சு அதிகமாகப் பறக்கிற இடம். பெற்ற பிள்ளைக்கு ஊற்றுகிற மாதிரி எண்ணெயை ஊற்றி ஊற்றி, அந்தப் பஞ்சையெல்லாம் இவரே வா என்று கூப்பிட்டு உள்ளே குடிவைத்திருக்கிறார். நின்றுபோகும்தோறும் இன்னும் ஊற்றியிருக்கிறார். நான் சொன்னதும் அந்தத் திரளை என் விரலிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

“அப்ப, நான் பாக்காம விட்டிருந்தா இது நல்லா இருந்திருக்கும்கியா?”

மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவி, துணியால் உலரத் துடைத்து, எண்ணெயே இல்லாத மாதிரி லேசாகத் தொட்டு மாட்டினோம். கண்மாய்க்கரையில் மூன்றும் வெடித்தன, ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று. நாரைக் கூட்டம் அத்தனையும் எழுந்து போயிற்று. அவர் துப்பாக்கியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “பேசிட்டா தம்பி, பேசிட்டா” என்றார்.

ஆயுத பூசை அன்று காலையில் மில்லைக் கழுவி, இயந்திரத்துக்கெல்லாம் மாலை போட்டோம். ஸ்பானர், சுத்தியல், தராசு எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன் வரிசையாக வைப்பது வழக்கம். துப்பாக்கியையும் நடுவில் வைக்கச் சொன்னார் சின்னவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பூசைக்கு வந்த பெரியவர் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். மரக்கட்டையில் ஒரு பொட்டு, குழலில் ஒரு பொட்டு. பிறகு எங்கே வைக்கலாம் என்று பார்த்தார். பக்கவாட்டு வாயில், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற போல்ட்டு வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது, முந்தின நாள் நாங்கள் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தது. அங்கே விரல் நிறையச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை வைத்து அழுத்தினார்.

நான் துப்பாக்கிக்காரரைப் பார்த்தேன். அவர் சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொதலாளி வீட்டுப் பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள். சாமிக்கு வைத்ததை யார் துடைப்பது?

மொதலாளியின் கார் வர உச்சியாகிவிட்டது. அதற்குள் சந்தனம் காய்ந்து சிமெண்டு மாதிரி ஆகியிருந்தது. சூடம் ஏற்றினார்கள். முதல் வெடி வானத்துக்குப் போனது. அந்த உதையில் போல்ட்டு பின்னால் போய், காய்ந்த சந்தனத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு, திரும்பி வருகிற வழியில் பாதியில் நின்றது.

பின்வரிசையிலிருந்து ஒரே குரலாக, “ஒத்தவெடீ!” பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். சின்னவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேனேஜர் மட்டும் சிரிக்காமல் சாவிக்குக் கையை நீட்டினார்.

ஷெட்டுக்கு வந்து துப்பாக்கியைத் திறந்தால் உள்ளெல்லாம் மஞ்சள் தூள். “வாங்கண்ணே, இத அப்படியே மேனேஜர்ட்ட காட்டுவோம்” என்றேன்.

“என்னன்னு காட்ட? சாமி சந்தனத்தால நின்னு போச்சுன்னா? துப்பாக்கிதான் கெட்டுச்சு, புத்தியும் கெட்டுச்சும்பானுவ. விடு தம்பி.”

அவரும் மனைவியும் மம்சாபுரத்தில் அவர் தம்பி வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறைக்குப் போனார்கள். அங்கே தண்ணீர் கிணற்றில்தான்.

அடுத்த வருசம் ரெட்டைக்குழல்காரர் ஒருவர் கேட்டில் நின்றார். பூசை நெருங்கும்போது சின்னவருக்குப் போன வருசத்துச் சிரிப்பு ஞாபகம் வந்துவிட்டது. மதுரையிலிருந்து விருந்தாளிகள் வேறு வருகிறார்கள். “அந்த ஒத்தவெடியக் கூட்டியாங்கய்யா, செம தமாசு” என்று ஆள் அனுப்பினார்.

பூசைக்கு முந்தின நாள் அவர் என் ஷெட்டுக்கு வந்தார். மீசையை வெட்டியிருந்தார்.

“தம்பி, நாளைக்கு இது கட்டாயம் நிக்கணும்.”

“என்னண்ணே சொல்லுதிய?”

“நின்னாத்தான் சின்னவருக்குச் சந்தோசம். சந்தோசமா இருக்கும்போது வீட்டக் கேப்பேன். எந்த எடத்துல, எம்புட்டு கனத்துல சந்தனம் வச்சா ஏமாத்தாம நிக்கும், அதப் பாத்துச் சொல்லு.”

பார்த்தோம். மெல்லிசாக வைத்தால் போல்ட்டு உடைத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. கனமாக வைத்து வெயிலில் நன்றாகக் காயவிட்டால், கையால் இழுத்துவிடும் ஒவ்வொரு தடவையும் பாதியில் நிற்கிறது. போன வருசம் அதை ஓடவைக்கப் பட்டபாட்டைவிட நிறுத்தவைக்கக் குறைந்த பாடுதான்.

மறுநாள் பூசைக்கு வந்த பெரியவரிடம் அவரே துப்பாக்கியைச் சாய்த்துக் காட்டி, “இங்கன நல்லா வையுங்க சாமி” என்றார். சூடம் காட்டினார்கள். ஒரு வெடி, நின்றது. அவர் துப்பாக்கியை உலுக்கினார், குழலில் காதை வைத்துக் கேட்டார், “ஏட்டி, பேசுட்டி!” என்று அதன் கட்டையில் அறைந்தார். அறையும்போதும் குழல் வானத்தைப் பார்த்தேதான் இருந்தது, பட்டாளத்துப் பழக்கம். விருந்தாளிகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். குழாயடிப் பெண்கள் கும்பிட்டுக் கும்பிட்டுச் சிரித்தார்கள். அந்த வாரமே லைன் வீட்டுச் சாவி கிடைத்தது. கேட்டில் வேலையும் கிடைத்தது, கம்பும் விசிலுமாக. துப்பாக்கிக்கு ஆயுத பூசை அன்று மட்டும்தான் வேலை.

தொண்ணூறுகளில் பல வருசம் அப்படியே ஓடியது. ஒரு வருசம் மட்டும் பூசை அன்று காலையிலிருந்தே மழை. சந்தனம் காயவே இல்லை, வெண்ணெய் மாதிரி ஈரமாக இருந்தது. அவர் சுட்டார். ஒன்று. துப்பாக்கியை உலுக்கத் தயாராக இருந்தவர், போல்ட்டு மூடிக்கொண்ட சத்தம் கேட்டு முழித்தார். மறுபடி அழுத்தினார். இரண்டு. மூன்று. கண்மாய்க்கரையில் வெடித்த மாதிரியே, ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று.

யாரும் சிரிக்கவில்லை, கைதட்டவுமில்லை. சின்னவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு காருக்குள் ஏறினார். மேனேஜர் துப்பாக்கிக்காரர் அருகில் வந்து, “என்னய்யா இன்னைக்கு இப்படிப் பண்ணிட்டீரு? ஒழுங்காச் சரிபண்ணி வையும். அடுத்த தடவையும் இப்படின்னா நான் பொறுப்பில்ல” என்றார்.

மழையில் நனைந்தபடியே அவர் என் ஷெட்டுக்கு வந்தார். துப்பாக்கியை என் மேசைமேல் வைத்தார்.

“தம்பி, கழட்டிப் பாரு. எங்கன தப்பு நடந்துச்சுன்னு தெரியல, மூணும் வெடிச்சிருச்சு.”