தகரத் தட்டில் உறைந்த தண்ணீர்

பத்து வயதில் நான் என் தகப்பனாரைத் திருடனாக்கினேன். அவர் திருடவில்லை என்பதைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி நான். கேட்டபோது தெரியாது என்று சொன்னேன். இதை எழுத உட்காரும்போதும் தேசிக்காய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சையின் தோலைக் கீறினால் வருகிற அந்தக் கசப்பு மணம்தான் முதலில் வருகிறது, ஏனென்றால் அப்பாவின் கைகளில் எந்நேரமும் அந்த மணம் இருந்தது.

இலங்கை மலையகத்தில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா பங்களா "அப்பு"வாக இருந்தார். பெரிய துரை வீட்டில் சமைப்பதும் பரிமாறுவதும் அவர் வேலை. பின்னேரத்தில் துரையும் துரைசாணியும் விருந்தாளிகளோடு கணப்படுப்புக்கு முன்னால் உட்கார்ந்ததும், வெள்ளைக் கோட்டுப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டு "கிம்லட்டு" கலக்கப் போவார். ஜின், தேசிக்காய்ச் சாறு, சீனிப் பாகு, ஐஸ் நான்கையும் மூடிபோட்ட வெள்ளிக் குவளையில் குலுக்கி, தண்டுள்ள சிறு கிளாஸில் வடித்து, தோலில் ஒரு கீற்றைச் சுருட்டி விளிம்பில் வைக்க வேண்டும். எத்தனை ஆயிரம் கலந்திருப்பாரோ, ஒரு சொட்டும் நாக்கில் வைத்ததில்லை. குளிர் ஏறிவிட்டதா என்பதைக் குவளையின் வெளிப்புறம் வெள்ளை பூப்பதைப் பார்த்தும், புளிப்புச் சரியா என்பதை மணத்தை வைத்துமே கண்டுகொள்வார்.

அம்மா கொழுந்து எடுப்பவர். மலையிறங்கி வந்து கால் கழுவி அடுப்பருகில் உட்கார்ந்ததும் அப்பாவின் கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பார்.

"நாள் பூரா தொரசாணிக்குக் கலக்குறீங்களே, அது என்னா ருசிங்க?"

"எனக்கு எப்புடித் தெரியும்? நான் என்னா தொரசாணியா?"

"எனக்கு ஒருக்காக் கலக்கிக் குடுங்க. குடிச்சிப் பாத்து நான் சொல்றேன்."

"அப்பறம் நாளைக்குக் கொழுந்துக் கூடையத் தொரையத் தூக்கச் சொல்லுவ."

தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இந்தக் கேலி ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. அது நடந்த நாட்களில்தான் வீடு வீடாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மார்கழியில் சீமையிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் பங்களாவில் ஒரு மாதம் தங்கினார். அவர் புறப்படும் நாளில் பள்ளிக்கூட விடுமுறை. அப்பாவோடு விறகு அடுக்கப் போன நான் பங்களாச் சமையலறையான குசினிக்குள் நின்றேன். பெரிய துரை முன்வாசலில் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். விருந்தாளி தனியாகக் குசினிக்கு வந்து, பையிலிருந்து திறக்காத ஜின் அரைப்போத்தல் ஒன்றை எடுத்து அப்பாவின் கையில் வைத்துத் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அப்பா அதை இரண்டு கைகளாலும் வாங்கியதையும், அவர் போன பிறகும் சற்று நேரம் குனிந்தபடியே நின்றதையும் பார்த்தேன்.

அந்தப் போத்தலை அப்பா தைப்பொங்கல் வரை திறக்கவில்லை. தை மாதம் கந்தப்பளையில் விடியும்போது புல்லும் தேயிலையும் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். பொங்கலன்று மாலை, லயத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் மரக்கறித் தோட்டத்தில் ஒரு தகரத் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தார். மறுநாள் காலையில் தட்டின் மேல் கண்ணாடிச் சில்லு போல மெல்லிய ஐஸ் படர்ந்திருந்தது.

"தொரைக்கு மிசினு பண்ணிக் குடுக்குது, நமக்கு ஆண்டவனே பண்ணித் தாறான்" என்றபடி அதை உடைத்து ஜாம் போத்தலில் போட்டுக் குலுக்கினார். வடித்து, தோல் கீற்றையும் சுருட்டி வைத்து, துவாயை முன்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் குனிந்து "மேடம்" என்று நீட்டினார். பலகையில் உட்கார்ந்திருந்த அம்மா பித்தளை டம்ளரைச் சின்ன விரலைத் தூக்கிக்கொண்டு வாங்கினார். ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார். பிறகு சிரித்தார். தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.

"இதுக்குத்தானா இவ்வளவு பவுசு? நம்ம தேசிக்காத் தண்ணிக்குக் கோட்டு மாட்டிவிட்ட மாதிரில்ல இருக்கு."

சொல்லிவிட்டு முழுவதையும் குடித்தார். "உங்களுக்கு?" என்று கேட்டதற்கு, "நான் பரிமாறுற ஆளு புள்ள" என்று அப்பா போத்தலை மூடி வைத்துவிட்டார்.

அப்பா துரையிடம் கெஞ்சிக் கேட்டதில், தோட்டத்து உத்தியோகத்தர் பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகும் லொறியில் எனக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. லயத்துப் பிள்ளை நான் ஒருவன்தான். விடுமுறை முடிந்த முதல் நாள், தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் மகன், "லயத்துல எல்லாரும் கசிப்புத்தானடா குடிப்பீங்க?" என்று கேட்டான். கள்ளச் சாராயம் குடிப்பவர்கள் என்கிறானே என்று எனக்கு ரோசம் வந்தது. "எங்க வீட்டுல தொரை குடிக்கிறதத்தான் குடிப்போம். எங்கம்மாவே குடிச்சாங்க" என்றேன்.

அவன் அதை வீட்டில் சொல்லிவிட்டான்; மூன்றாம் நாள் காலையில், எங்கள் காம்பராவைச் சோதித்து எடுத்த, சற்றே குறைந்த அந்தப் போத்தல் கண்டாக்கையாவின் கையில் இருந்தது. பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் வந்து நின்ற நேரம்; கூடையோடு அம்மாவும் நின்றார். பங்களாவிலிருந்து திருடிய போத்தல் என்று கண்டாக்கையா சொன்னபோது அப்பா கலங்கவில்லை. "வந்த தொரை குடுத்ததுங்க. பையன் பாத்துக்கிட்டுத்தான் நின்னான், அவனையே கேளுங்க" என்றார். சீமைக்குப் போய்விட்டவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். அப்புவின் சொல்லுக்காகக் கடிதம் எழுதுகிற வழக்கம் துரைக்கு இல்லை.

கண்டாக்கையா என் பக்கம் குனிந்தார். "நீ படிக்கிற புள்ள. பொய் சொல்லாத. அந்தத் தொரை இதக் குடுத்தத நீ பாத்தியா?"

அவருக்குப் பின்னால் லொறி உறுமிக்கொண்டு நின்றது. பார்த்தேன் என்றால் கள்ளனுக்குப் பிள்ளையும் கூட்டு என்று சொல்லி என்னை அதில் ஏற்றமாட்டார்கள் என்று நினைத்தேன். பயம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். அந்த இடத்தை இழக்க எனக்கு மனமில்லை.

"தெரியாதுங்க" என்றேன்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். கோபம் இல்லை. கையிலிருந்த கிளாஸ் தவறி விழுந்தால் சில்லுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை.

அன்றே வெள்ளைக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவரைக் கான் வெட்டப் போட்டார்கள். மலைச் சரிவில் மழைத்தண்ணீர் வடிய மண்ணை வெட்டிச் செல்லும் அந்த வேலையில், தேசிக்காய் மணம் ஒரே மாதத்தில் கையைவிட்டுப் போனது. கொழுந்து மலையில் பெண்கள் அம்மாவுக்குக் "கிம்லட்டுக்காரி" என்று பெயர் வைத்தார்கள். "என்னாடி கிம்லட்டுக்காரி, கூடை நெறஞ்சிருச்சா, இல்ல கிறுகிறுங்குதா?" என்று நிரைக்கு நிரை கேட்டார்கள். நான் மட்டும் லொறியில் போனேன். தகப்பனுக்காகக்கூடப் பொய் சொல்லாத பிள்ளை என்று துரை என் இடத்தை விட்டுவைத்திருந்தார். அந்த இடத்தில் உட்கார்ந்து படித்துத்தான் ஆசிரியரானேன், பள்ளி அதிபராகி ஓய்வு பெற்றேன், ஹட்டனில் வீடு கட்டி இருவரையும் அழைத்து வந்தேன். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கேட்காததை நானும் சொல்லவில்லை.

அந்தப் பங்களா இப்போது வெளிநாட்டார் தங்கும் ஹோட்டல். போன வருடம் பழைய மாணவன் ஒருவன் அங்கே தேநீருக்கு அழைத்துப் போனான். மேசையில் வைத்த பட்டியல் அட்டையில் கிம்லெட் என்ற பெயரைப் பார்த்தேன். மறுநாள் ஒரு போத்தல் ஜின்னும் தண்டுள்ள இரண்டு கிளாஸ்களும் வாங்கினேன். நான்கு மாலை தனியாகக் கலந்து கொட்டிப் பழகினேன். ஐந்தாம் மாலை, தொண்ணூறைத் தொட்ட அப்பாவும் எண்பத்தாறு வயது அம்மாவும் முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது, துவாயை முன்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு தட்டை நீட்டினேன்.

அப்பா கிளாஸை முதலில் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், பிறகு முகர்ந்தார், பிறகு வாழ்நாளில் முதல் தடவையாகக் குடித்தார். "சீனி கூடிப்போச்சு" என்றார். அம்மா கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும் முன் நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் காதுக்கு எட்டட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"அப்ப நீ பாத்தியா?" என்று கேட்டார் அம்மா.

"பாத்தேம்மா."

"உன் கண்ணால?"

"ஆமாம்மா."

அம்மா கிளாஸைக் கீழே வைத்தார். "அந்தத் தொரைதான் குடுத்தாருன்னு இவரு சாமி படத்துல கைய வச்சி சத்தியம் பண்ணாரு. புள்ள பயந்திருப்பான், நீ அவன ஒண்ணும் கேக்காதன்னாரு. நான் நம்பல. பத்து வயசுப் புள்ள ஏன் பொய் சொல்லப் போவுதுன்னு நெனச்சேன். அம்பத்தெட்டு வருசமா மனசுக்குள்ள திருடன்னு வச்சிக்கிட்டே இந்த மனுசனுக்குச் சோறு போட்டிருக்கேன்டா."

நான் கெடுத்தது அப்பாவின் வேலையைத்தான் என்று அந்த நிமிடம் வரை நினைத்திருந்தேன்.

அப்பா அம்மாவின் கிளாஸைப் பார்த்து, "ஐஸு கரையுது, குடி புள்ள" என்றார். அம்மா குடிக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவும் இல்லை. அப்பாவின் நாற்காலியை ஒட்டித் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதையெதையோ அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐப்பசி மழையில் அப்பா போய்விட்டார்.

இந்தத் தைப்பொங்கலன்று மாலை அம்மா ஒரு தகரத் தட்டில் தண்ணீர் ஊற்றி முற்றத்து மதில் மேல் வைத்ததைப் பார்த்தேன். விடிந்ததும் அவருக்கு முன்னால் எழுந்து போய்ப் பார்த்தேன். ஹட்டனில் அந்தக் குளிர் இல்லை. தட்டில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. உள்ளே போய்க் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஐஸை எடுத்துக்கொண்டு, தட்டில் போட்டுவிடலாம் என்று மதில் வரை வந்துவிட்டேன். உள்ளங்கை எரியும் வரை நின்றேன். பிறகு அதைச் செடி மூட்டில் போட்டுவிட்டேன்.

அம்மா வந்து தட்டில் விரல் வைத்துப் பார்த்தார்.

"தண்ணிதான்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு என் காதுபடச் சொன்ன சொல்.

"ஆமாம்மா, தண்ணிதான்" என்றேன்.