எந்தப் பக்கம் தலை வைப்பது

எண்பதுகளில் பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு மைக்ராஸ்கோப் வேலை. முடியைவிட மெல்லிய கம்பி ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று ஷிப்ட் முழுக்கக் குனிந்து பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்துக் கழுத்து இறுகிப்போனது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், அலமாரியை நகர்த்துவதுபோல் முழு உடம்போடும் திரும்புவேன். "உன்னைக் கூப்புடணும்னா மொதல்ல எடம் ஒதுக்கணும்" என்பாள் பக்கத்து இருக்கைக்காரி.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை எனக்குத் தருவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பகல் மட்டும்தான், இரவு ஷிப்ட் இல்லை. ஆனால் அந்த நேரத்துக்குத் தொழிற்சாலை பஸ்ஸும் இல்லை. கார் லைசென்ஸ் எடுத்தால்தான் வேலை. என் பிள்ளைகள் என்னைப் பகலெல்லாம் தூங்குகிற ஒரு மனுஷியாகவே அறிந்து வைத்திருந்தார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும்.

முதல் சோதனையில் காரைப் பின்னால் எடுத்துக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார் அதிகாரி. கழுத்து திரும்பவில்லை. உடம்பைத் திருப்பினேன். உடம்போடு பெடலில் இருந்த காலும் சேர்ந்து திரும்பி, கார் கம்பத்தில் முட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னதும், "கம்பத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அவர் அந்தக் கம்பங்களுக்குப் பயந்து லைசென்ஸ் பக்கமே போகாதவர்.

கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை யோகா வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். சொல்லிக்கொடுத்தவர் ஆஸ்பத்திரி நர்ஸ், யாழ்ப்பாணக் குடும்பத்து அக்கா. தலைகீழாக நிற்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அவரோ தோளைக் காதுவரை தூக்கி, மூச்சை விட்டுக்கொண்டே இறக்கச் சொன்னார். "நோகிற இடத்துக்கு முதலே நில்லுங்கோ. உடம்போட சண்டை பிடிக்காதேங்கோ." தோள் கேட்டது, இடுப்பும் கேட்டது. கழுத்து மட்டும் அரசாங்க ஆபீஸ் கவுண்டர் மாதிரி மூடியே இருந்தது.

இரண்டாவது சோதனைக்கு முந்தைய ஞாயிறு, "இண்டைக்கு ஒண்டும் செய்ய வேண்டாம். மல்லாந்து படுத்திருங்கோ, சவாசனம்" என்றார். இதைவிடச் சுலபமான பாடம் உண்டா? பாயை விரித்தோம். வம்பு அங்கே தொடங்கியது.

"வடக்க தல வைக்கக் கூடாதுலா" என்றார் வகுப்புக்கு வரும் தையல்கார அக்கா. சரி, தெற்கே வைக்கலாம் என்றால் கால் வடக்குச் சுவரைப் பார்க்கும். அங்கே மண்டபம் கட்டியவர்களின் படங்கள் மாலையோடு வரிசையாக இருந்தன. அதில் ஒருவர் தையல்கார அக்காவின் மாமனார். "அவர் உசுரோட இருந்தப்ப அவருக்கு முன்னால நான் உக்காந்ததுகூட இல்ல. இப்பப் போயி காலக் காட்டுறதா?"

"அப்ப கிழக்க தல வைங்க" என்றாள் ஒருத்தி.

"கால் எங்க போவும்? சாமிகிட்டப் போவும்" என்றார் தையல்கார அக்கா.

மேற்கே தலை வைத்தால் கால் வாசலைப் பார்க்கும். "தூக்கிட்டுப் போக வர்றவங்களுக்கு வசதியாவா?" என்று தூண் பக்கமிருந்து ஒரு குரல்.

வடக்கே பார்த்து நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு எதையும் விட மனமில்லை. வாசலைப் பார்த்தேன், சாமியைப் பார்த்தேன், தூண்காரி என்ன சொல்கிறாள் என்று பார்த்தேன். நர்ஸ் அக்கா யார் சண்டையிலும் சேராமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இப்ப எங்க பாக்கிறீங்கள்?"

"வாசலப் பாக்குறேன்கா."

"உடம்பு எங்க பாக்குது?"

குனிந்து பார்த்தேன். உடம்பு மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நாளும் நோகுமெண்டு கழுத்துக்குக் காவல் இருந்தீங்கள். வம்பு பாக்கிற அவசரத்தில காவலை விட்டிட்டீங்கள்" என்றார்.

அன்றைக்கு யாரும் படுக்கவில்லை. ஆளுக்கொரு தூணில் சாய்ந்து கண்ணை மூடினோம். தையல்கார அக்கா குறட்டையே விட்டார்.

சோதனையன்று காரில் ஏறியதும் கழுத்தைத் திருப்ப வேண்டும் என்று நினைக்கவில்லை. மூச்சை விட்டுத் தோளை இறக்கினேன். பின்னால் கம்பம் என்ன செய்கிறது என்று, அடுத்த வீட்டுச் சண்டையை எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அது நின்ற இடத்திலேயே நின்றது. இறங்கும்போது அதிகாரி, "லூலுஸ், கக்கா" என்றார். 'பாஸ், அக்கா' என்று அவர் மலாயில் சொன்னதை நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

பகல் வேலைக்கு வந்தேன். புதுப் பெண்களிடம், "கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா தலையத் தூக்குங்க. கதவத் தொறந்துக்கிட்டு யார் வர்றாங்கன்னு மெதுவாத் திரும்பிப் பாருங்க" என்று சொல்லி வைத்தேன். பெரும்பாலும் வந்தவர் சூப்பர்வைசர்தான்.

"ஏன் இந்தப் புள்ளைங்க எல்லாம் என்னையே பாக்குதுங்க?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கழுத்துக்கு நல்லது, சார்."

அவர் நம்பவில்லை. மறுநாள் தலையைப் படிய வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, ஒரு தடவைக்கு நாலு தடவையாக அந்தக் கதவு வழியே வந்து போனார்.