அப்பாவின் காலும் பெரியப்பாவின் மானமும்

எங்கள் அப்பா கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தம் அண்ணனாகிய எங்கள் பெரியப்பாவோடு மணலூர்பேட்டைக்கு வந்தார். குத்தகை நிலத்தில் கரும்பு வைத்து எங்களை ஆளாக்கினார். அண்ணன் சொல்லைத் தட்டாதவர் என்று ஊரே மெச்சும். அந்தக் குணம்தான் அவரைக் கொன்றது.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் முற்றி, பாதம் மரத்துப் போயிருந்தது. முள் குத்தினாலும் தெரியாது. அப்படியும் திரௌபதியம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டினார். நெருப்பைக் கடந்ததும், "சுடவே இல்லண்ணா, அம்மன் தாங்கிக்கினா" என்று கண் கலங்கினார். மறுநாள் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

தீ மிதித்த கால் வெந்தால் விரதத்தில் குறை என்பார்கள் எங்கள் பக்கத்தில். பெரியப்பா கோயில் தர்மகர்த்தா. "வெளிய தெரிஞ்சா என் மானம் இன்னாத்துக்கு ஆவறது? ஆஸ்பத்திரி பக்கம் போவாத" என்று எருக்கம்பால் தடவித் துணி சுற்றிவிட்டார். வலி தெரியாததால் அப்பா அந்தக் காலோடு கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். புகுந்த வீட்டிலிருந்து நான் வந்து துணியை அவிழ்த்தபோது, பெருவிரல் கறுத்து நாறியது.

அப்போது இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மறியலில் நின்ற பிள்ளைகளே, "பயப்படாதக்கா, நாங்க தூக்கியாறோம்" என்று கட்டிலோடு அப்பாவை மரங்களைத் தாண்டிக் கொண்டுபோய் வேனில் ஏற்றினார்கள். அன்று மாலையே பாண்டிச்சேரி சேர்ந்தோம்.

மருத்துவர் புண்ணுக்குள் கம்பி விட்டார். எலும்பில் இடித்தது. "சர்க்கரை ஜாஸ்தி, பீடி புடிச்சி ரத்த ஓட்டமும் கம்மி. இதுல வெந்த கால மூடி வெச்சி, நடக்கவும் வுட்டிருக்கீங்க. அன்னிக்கே வந்திருந்தா கால் இருந்திருக்கும்மா" என்றார். முழங்காலுக்குக் கீழே எடுத்தும் அப்பா பிழைக்கவில்லை.

கருமாதிப் பந்தலில் பெரியப்பா, "ரோட்ட மறிச்சி என் தம்பிய சாவடிச்சிட்டானுங்க" என்று அழுதார். உறவினர் பலரும் இன்றும் அதை நம்புகிறீர்கள். நடந்ததைச் சொல்லவே அப்பாவுக்கு இந்த நினைவு மலரை அச்சிட்டிருக்கிறேன்.

இந்த ஆண்டுத் தீமிதியில் பெரியப்பா நெருப்பில் இறங்கவில்லை. அவருக்கும் சர்க்கரையாம், டாக்டர் கூடாதென்று சொன்னாராம். காலுறை மாட்டி, நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தார்.

கட்டில் சுமந்த பிள்ளைகளுக்கும், வேன் ஓட்டியவருக்கும், மருத்துவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியப்பாவுக்கு நன்றி கிடையாது. மலரின் முதல் பிரதியை அவர் கையில் நானே கொடுப்பேன். காலுறையோடு உட்கார்ந்தே படிக்கட்டும்.