தட்டில் வைத்த ஏலக்காய்

போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. ஆட்டிசம் உள்ள எங்கள் மகளை இரண்டு பள்ளிகள் வேண்டாமென்று அனுப்பிவிட்டன. மிச்சமிருந்தது, ஊரில் புதிதாகத் தொடங்கிய கலை வகுப்பு ஒன்றுதான். அதில் சேர, பிள்ளையின் கற்பனைத் திறனை அளந்து மார்க் போடுவார்களாம். கற்பனையை எந்தப் படியால் அளப்பார்கள் இவர்கள் என்று எரிச்சலோடுதான் கூட்டிப் போனேன்.

டீச்சர் மதுரைக்காரர், சின்ன வயசு, நல்ல மனசு. பிள்ளைக்குப் பழகின பொருளாக இருக்கட்டுமென்று ஒரு தட்டு நிறைய ஏலக்காயைக் கொட்டி அவள் முன்னால் வைத்தார்.

"இத வச்சு உனக்குப் பிடிச்சத செய்யும்மா" என்றவர் என் பக்கம் திரும்பி, "நீங்க நடுவுல பேசக் கூடாது மேடம். பேசினா மார்க் போட முடியாது" என்றார்.

மகள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்படியே உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். ஒரு கை புளியங்கொட்டை கிடைத்தால் வீடு முழுக்க ஊரையே பரப்பிவைக்கிறவளுக்கு இன்றைக்கு என்ன கேடு வந்தது?

அப்புறம்தான் உறைத்தது. எங்கள் கடையில் தட்டில் கொட்டிய காய் என்றால் அது மாதிரிக்கு வைத்தது. வியாபாரி பார்த்து விலை முடிகிற வரைக்கும் வீட்டாள் யாரும் கை வைக்கக் கூடாது. அதை இவளுக்குப் பழக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பழகியபின் ஒருநாளும் அவள் தவறியதில்லை.

சொன்னால் மார்க் போச்சு. சொல்லாவிட்டாலும் சைபர்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"வெல முடிஞ்சிருச்சு ஆத்தா. எடுத்துக்க" என்றேன்.

சட்டென்று கை முன்னால் வந்தது. மேசை மேல் மலையேறுகிற போடிமெட்டு ரோட்டை வளைத்து வளைத்து அடுக்கினாள். வளைவுக்கு வளைவு ஒரு காயைப் பிளந்து, கறுப்பு விதைகளைக் கூட்டமாக நிறுத்தினாள். ஜீப்புக்குக் காத்து நிற்கிற எஸ்டேட் ஆட்கள்.

"பேசிட்டீங்களே மேடம்" என்றார் டீச்சர். "ரூல்படி நான் சைபர்தான் போடணும்."

"போட்டுக்கங்க. எம்புள்ளைக்குக் கற்பனையே இல்லேன்னு மட்டும் எழுதிராதீங்க." ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சைபர் போட்டார்.

அதற்குள் காய் தீர்ந்து, ரோடு பாதி மலையில் நின்றது. மகள் தலையைத் தூக்காமல் டீச்சர் பக்கம் கையை நீட்டி, "கொண்டா" என்றாள். வெளியாள் ஒருவரிடம் அவள் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. டீச்சர் காலித் தட்டைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் வியாபாரிக்குக் காட்ட எடுத்துவைத்த முதல்தரக் காய் என் பையில் இருந்தது. அப்படியே எடுத்து டீச்சர் கையில் கொடுத்தேன்.

"உங்ககிட்டதான் கேக்குறா டீச்சர். நீங்களே குடுங்க."