கை உளைந்த விவாதம்

இன்று பின்னேரம் விசுவமடுவில் செல்லத்துரை அண்ணையின் தேநீர்க்கடைக்குச் செய்தி கேட்கப் போனேன். பொருளாதாரத் தடைக்குள் பற்றரிக்கு எங்கே போவது? கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை அண்ணை கையால் சுற்றினால்தான் டைனமோவில் வானொலி பேசும்.

செய்தி முடிய ஒரு விவாதம் தொடங்கியது. விபச்சாரத்தைச் சட்டபூர்வமாக்கலாமா, கூடாதா?

ஆண்கள் ஏழெட்டுப் பேரும் கதிரைகளை மெல்ல முன்னுக்கு இழுத்துக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்து அண்ணையின் மனைவி பூமணி அக்கா தேநீரோடு குசினியிலிருந்து வந்தார். பெடல் நின்றது. வானொலியும் வாயை மூடிக்கொண்டது.

"ஏனப்பா நிப்பாட்டினனீங்கள்?"

"கை உளையுது."

"அப்ப விலகுங்கோ, நான் சுத்துறன்."

அக்கா சுற்றினார். வானொலியில் அந்தத் தொழில் செய்யும் பெண் ஒருவர் கேட்டார்: "குற்றமென்றால் எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்? எங்களிடம் வருகிறவர்களை ஏன் விடுகிறீர்கள்?"

"நியாயமான கேள்விதானே?" அக்கா எங்களைப் பார்த்தார். "சொல்லுங்கோவன்."

நாங்கள் எல்லோரும் தேநீருக்குள் எதையோ தேடினோம். அண்ணைதான் வாய் திறந்தார்.

"உமக்கும் கை உளையும், விடும்."

"உளையேல்லை," என்று அக்கா இன்னும் வேகமாகச் சுற்றினார்.

அந்தக் கேள்விக்குப் பதில் உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். கை உளைகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.