சாலிஹா கேட்ட வரைபடம்

மார்கிலான் ஊரில் சாலிஹாவிடம் யாராவது ஒரு தர்பூசணியைக் கொடுத்தால் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பாள். பிறகு கொடுத்தவர் முகத்தைப் பார்ப்பாள். இருபத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய் எரிவாயு மீட்டர் பார்த்தவள். எந்த வீட்டு மீட்டர் மேல் அதை ஓடவிடாமல் காந்தம் உட்கார்ந்திருக்கிறது, யார் வீட்டில் திருட்டுக் குழாய் கம்பளத்துக்குப் பின்னால் ஓடுகிறது என்பதையெல்லாம் வாசற்கதவு திறக்கிற வேகத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அந்த மஹல்லாவின் தெருக்களில் அவளிடம் மாட்டாத வீடு குறைவு.

"எங்க வீட்டுல திருட்டு நெருப்பு எரிஞ்சதில்ல" என்பாள். கணவர் எர்காஷ் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியும், "எங்க" என்பதில் அவரையும் சேர்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்படிப்பட்டவளின் கொல்லைச் சுவரில் ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ வெள்ளைச் சாயத்தால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். இந்தப் பக்கம், சுவரை ஒட்டினாற்போல் அவளுடைய ரொட்டி சுடும் தந்தூர். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது என்று ஒரு மாதமாகவே பேச்சு. பிள்ளைகள் மூன்று வேளையாகப் பிரிந்து வந்து படிக்கிறார்களாம், இடம் போதவில்லையாம். சாலிஹா நம்பவில்லை. பள்ளிக்கூடம் என்று தொடங்குவார்கள், கடைசியில் ஒன்பது மாடிக் குடியிருப்பாக முடியும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இப்போது கோடும் விழுந்துவிட்டது. சுவர் போனால் தந்தூரும் போகும். உடைந்து உபயோகமற்றுப் போன தந்தூரைக்கூட அங்கே யாரும் இடிக்க மாட்டார்கள், இடித்தால் பாவம் என்று அப்படியே விட்டுவைப்பார்கள். அவளுடையதோ தினமும் எரிகிற தந்தூர்.

சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். தலைமை ஆசிரியர் நோதிர் நல்ல மனிதர்தான், ஆனால் வியர்த்துக்கொண்டே பேசினார். வியர்க்கிறவர்களை சாலிஹாவுக்குப் பழக்கம்.

"பேச்செல்லாம் இருக்கட்டும். பழைய வரைபடத்த விரிங்க. பள்ளிக்கூட எல்லை எங்க முடியுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

நோதிர் மேசைமேல் இருந்த சுருளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "அக்கா, திங்கட்கிழமை என் ரூமுக்கு வாங்களேன். உங்களுக்குத் தனியாக் காட்டறேன்."

"தனியா எதுக்கு? நான் என்ன உங்களப் பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்?"

மண்டபம் சிரித்தது. ஆனால் அவள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் மட்டும் சிரிக்கவில்லை. தேநீர்க் கிண்ணத்துக்குள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள். சாலிஹா அதையும் குறித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு தாலிப் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்கக்கா. அப்புறம் பாத்துக்கலாம்."

"ஓஹோ! உனக்கு எத்தனாவது மாடியில வீடு குடுக்கறதாச் சொன்னாங்க தாலிப்?"

தாலிப் கையை விட்டுவிட்டார். முகம் சிவந்துபோயிற்று. சாலிஹா எழுந்து நேரே மேசைக்குப் போய்ச் சுருளைத் தானே விரித்தாள். நாலு மூலையிலும் நாலு கிண்ணம் வைத்தாள்.

தெருவின் வீடுகள் வரிசையாக இருந்தன. பள்ளிக்கூட எல்லை ஒரு நீலக் கோடு. மற்ற எல்லா வீடுகளும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒழுங்காக நின்றன. அவள் வீட்டுக்குப் பின்னால் மட்டும், கட்டடத்துக்காக அளக்க வந்தவர்கள் புதிதாகச் சிவப்பு மையில் ஒரு சுவர் வரைந்திருந்தார்கள். நீலக் கோட்டைத் தாண்டி மூன்று மீட்டர். அந்த மூன்று மீட்டருக்குள் ஒரு சின்ன வட்டம்.

அவளுக்கு வட்டத்தைப் படிக்கத் தெரியும். அது தந்தூர்.

"இது யாரு வேலை?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

தாலிப்தான் பதில் சொன்னார். "உங்கம்மா தவறினப்போ நாப்பதாம் நாள் வரைக்கும் நீங்க அவங்க ஊர்ல, கோகண்டுல இருந்தீங்கல்ல, அப்போ எர்காஷ் அண்ணன் ஹஷருக்குக் கூப்பிட்டாரு. பத்துப் பேர் வந்தோம். ரெண்டே நாள்ல சுவரத் தள்ளிக் கட்டிட்டோம்."

ஹஷருக்குக் கூப்பிட்டால் கூலி வாங்காமல் வந்து செய்துகொடுப்பார்கள். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சாலிஹாவுக்கு அந்த வசந்தம் நினைவிருந்தது. அதுவரை அடுத்த வீட்டுத் தந்தூரில் முறை கேட்டு நின்றவள். ஊர் திரும்பிக் கொல்லைக் கதவைத் திறந்தபோது புதுத் தந்தூர் நின்றது. அம்மாவுக்காக அழுது முடித்திருந்த கண் மறுபடியும் நிறைந்தது. சந்தோஷத்தில் அவள் எதையுமே அளந்து பார்க்கவில்லை.

"பள்ளிக்கூட இடம்னு அவருக்குத் தெரியுமா?"

தாலிப் தரையைப் பார்த்தார். "தெரியும்கா. 'அவ கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கடா, அன்னைக்கே இடிச்சிடுவா'ன்னாரு."

யாரும் சிரிக்கவில்லை. தன்னிடம் மாட்டியவர்கள் எல்லாம் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷமும் ஒருவர்கூட இதைத் திருப்பிச் சொல்லிக் காட்டவில்லையே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவமானமாக இருந்தது. செத்துப்போன மனுஷன் மேல் கோபம் வந்தது. அந்த மனுஷன் இப்போது எதிரில் இருந்தால் அடித்திருப்பாள், பிறகு ரொட்டி சுட்டுக் கொடுத்திருப்பாள்.

"அக்கா, கட்டடத்த நாங்க கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்" என்றார் நோதிர் மெதுவாக.

"தள்ளிப் போட்டது போதும்." சாலிஹா கிண்ணங்களை எடுத்தாள்; வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது. "புதுக் கட்டடம் எத்தனை மாடி?"

"மூணு."

"அந்தத் தாளையும் விரிங்க, பாக்கறேன்."

பார்த்தாள். விரல் வைத்து எண்ணினாள். மூன்றுதான். பிறகு தன் தெருக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு எங்க வீட்டுல ஹஷர். சுவரப் பழைய இடத்துக்கே கொண்டுபோகணும். தந்தூர் மேல மட்டும் யாரும் கைய வைக்கக் கூடாது, அது பள்ளிக்கூடத்துப் பக்கமே நிக்கட்டும். போன தடவ வந்தவங்க எல்லாரும் வரணும். இந்தத் தடவ நான் ஊர்லதான் இருப்பேன்."