பெயர் தெரியாதவருக்கு ஒரு பூசை

தல்லாகுளத்தில் குடியிருக்கும் மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் ஜோசபினுக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் காலமாகிவிட்டார்கள். வாடிப்பட்டியில் ஒரே தம்பி மைக்கேல்ராஜ், பேச்சுவார்த்தை கிடையாது. காய்ச்சல் வந்தாலும் தனியாகவே படுத்துக் கிடப்பார். வீராப்பு என்று தெரு சொல்லும். எனக்கென்னவோ அது வீராப்பாகத் தெரியவில்லை. கேட்டு, இல்லையென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

மஞ்சள் காமாலையையும் அப்படித்தான் மறைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கல்லீரல் கைவிட்டிருந்தது.

"சொந்தத்துல யாராவது ஈரல்ல ஒரு பகுதி குடுத்தா மாத்திரலாம்," என்றார் டாக்டர் சரண்யாதேவி.

தம்பிக்குப் போன் போனது. "கேட்டுச் சொல்றேன்" என்றவன் பிறகு எடுக்கவே இல்லை. யாரைக் கேட்கப் போனானோ!

மிச்சமிருந்தது ஒரு சோதனை வைத்தியம். மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவரின் ஈரல் முழுதாக வைக்கத் தோதில்லாமல் இருந்தது. அதிலிருந்து நல்ல செல்களை மட்டும் பிரித்தெடுத்து, டீச்சரின் ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். நினைவு தடுமாறுமுன் சம்மதக் கையெழுத்தை அவரே போட்டிருந்தார். வந்த செல்கள் தாக்குப்பிடித்தன. அதற்குள் அவருடைய ஈரல் மெல்லத் தேறியது.

"யாரு டாக்டர் குடுத்தது?"

"சொல்லக் கூடாது டீச்சர். இனி உங்க ஈரலே பாத்துக்கும். வெளிச் செல்ல உடம்பு எதுக்காம இருக்கக் குடுக்குற மருந்த நிறுத்துனதும் அந்தச் செல்லெல்லாம் அழிஞ்சு போயிரும்."

"அதுவும் போயிருமா?" என்று கேட்டு டீச்சர் அழுதுவிட்டார்.

அந்த மருந்தும் நின்று வீடு திரும்பியதும், கொடுத்துவிட்டுப் போனவரின் ஆன்மாவுக்குப் பூசை வைக்க மாதா கோயிலுக்குப் போனார். பெயர் தெரியாது என்றார். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் தலையை ஆட்டிக்கொண்டு, இறந்தவர்களுக்கான பூசைச் சீட்டில் பூசை கேட்டவர் பெயரை மட்டும் எழுதி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் புதிதான பங்குச்சாமி அதைப் பார்த்து, "மரித்த ஜோசபின் ஆன்மா இளைப்பாற..." என்று வாசித்துவிட்டார்.

டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோயில் நிறைய ஆள். ஐயோ என்று ஒரு குரல் வரவில்லை. ஒரு தலை திரும்பவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"சாமி, செத்தது நானில்ல."

இப்போது எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்கு உசுரு குடுத்தவங்க. பேரு தெரியாது. சொந்தம்னு சொல்லிக்க எனக்கு அவங்க மட்டுந்தான் இருந்தாங்க. இப்ப அவங்களும் இல்ல. அவங்களுக்காக வேண்டிக்கங்க."